மென்ற இலையும் வடித்த சாரமும்

நடு அந்தமானின் கிழக்குக் கரையை ஒட்டிக் கிடக்கும் சிறு தீவு லாங் ஐலண்ட். ரங்கத் பக்கத்திலுள்ள யெரட்டா படகுத்துறையிலிருந்து படகேறித்தான் அங்கே போக வேண்டும். தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் பேரன் தீவின் எரிமலை நிற்கிறது. அதையும் தாண்டி அந்தமான் கடலைக் கடந்தால் மியான்மரின் மெர்குய் கரை. அதற்குத் தெற்கே தாய்லாந்தின் ரனோங், கிராபி, சத்துன். இன்னும் தெற்கே மலேசியாவின் பெர்லிஸ், கெடா, பினாங்கு. அந்த மறுகரையின் ஆற்றோரங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் வளரும் மரம் ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. மலேசியாவில் அதைக் கெத்தும் என்கிறார்கள். உலகச் சந்தையில் அதன் பெயர் கிராட்டம்.

தலைமுறை தலைமுறையாக ரப்பர் பால் வெட்டுபவர்களும் மீனவர்களும் வயல் வேலைக்காரர்களும் இந்த மரத்தின் இலையை மென்றும் வேகவைத்துக் குடித்தும் வந்திருக்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் அதே பெயரைத் தாங்கிய வேறொரு சரக்கு அமெரிக்காவின் பெட்ரோல் நிலையங்களிலும் புகைப்பொருள் கடைகளிலும் வரிசை கட்டி நிற்கிறது: விரலளவு குப்பிகளில் கெட்டியான திரவம், மெல்லும் மிட்டாய், மாத்திரை. விற்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுதான். இது மூலிகை, நூற்றாண்டுகளாக மக்கள் பயன்படுத்தியது, ஆகவே பயப்பட ஏதுமில்லை என்பார்கள்.

இந்த நியாயத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. நூற்றாண்டுப் பழக்கம் இலைக்கு உண்டு, சாரத்துக்கு இல்லை. இலையைச் சாரமாக்கும் ஒவ்வொரு படியிலும், அந்த இலை தனக்குள்ளேயே வைத்திருந்த ஒரு தடுப்பு கழற்றப்படுகிறது. அந்தத் தடுப்புகள் எவை, அவை போனபின் உடலில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், கிராட்டம் என்றில்லாமல் ‘இயற்கை’ என்ற முத்திரையோடு வரும் எந்தச் செறிவூட்டிய பொருளையும் எடைபோடத் தெரிந்துவிடும்.

நம் ஊர் உறவு

கிராட்டத்தின் தாவரவியல் பெயர் மிட்ராகைனா ஸ்பீசியோசா. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் டச்சுத் தாவரவியலாளர் பீட்டர் வில்லெம் கோர்த்தால்ஸ் இதை விவரித்தார். காபி, நுணா, வெட்சி, கடம்பு எல்லாம் சேர்ந்த ரூபியேசியே குடும்பம் இது. தமிழ்நாட்டில் நீர்நிலைகளின் ஓரம் வளரும் நீர்க்கடம்பு, மிட்ராகைனா பேரினத்தையே சேர்ந்தது. ஆனால் அதிலுள்ள ஆல்கலாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் வேறு வகை, கிராட்டத்தின் போதைக் குணம் அதற்கில்லை.

மலாய் மக்கள் அபினிக்கு மாற்றாக இந்த இலையைப் பயன்படுத்துவது 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் குறிப்புகளில் பதிவாகிவிட்டது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, அபினிப் பழக்கத்தை விடுவதற்கு இது உதவுவதாக 1897 இல் எழுதினார். 1907 இல் இதன் முக்கிய ஆல்கலாய்டை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவராக ஆய்வு நூல்கள் சுட்டுவது டேவிட் ஹூப்பரை. அவர் நமக்கு அந்நியர் அல்லர். உதகமண்டலத்தில் சிங்கோனா மரப்பட்டையின் வேதியியலை ஆராய அரசு அமர்த்தியிருந்த நிபுணர் அவர். இந்திய மருந்துத் தாவரங்களைப் பற்றிய ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’ என்ற பெருநூலின் ஆசிரியர் மூவரில் ஒருவர். பிறகு 1921 இல் எடின்பரோவில் எலன் ஃபீல்ட் அந்த ஆல்கலாய்டை மறுபடி பிரித்து, மிட்ராகைனின் என்று பெயரிட்டார்.

சிங்கோனாவும் இதே ரூபியேசியே குடும்பம்தான். நீலகிரியில் அரசே தோட்டம் போட்டு, பட்டையிலிருந்து கொய்னா எடுத்து, மலேரியாவுக்குக் கொடுத்தது. பட்டைக்குப் பட்டை மாறிய மருந்தின் வீரியம், கொய்னாவைத் தனியே பிரித்த பிறகு மில்லிகிராம் கணக்கில் நிலைப்பட்டது. தாவரத்திலிருந்து சாரத்தைப் பிரிப்பதில் தவறேதும் இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் கொய்னாவை எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது, மிஞ்சினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் மருத்துவர்கள் கண்காணித்து, எழுதி, திருத்திக்கொண்டே வந்தார்கள். கிராட்டம் சாரத்துக்கு நடக்காமல் போனது அதுதான். சோதனை முடியும் முன்னரே சரக்கு கடைக்கு வந்துவிட்டது.

பினாங்கில் கேட்ட கேள்விகள்

இலையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு பினாங்கிலிருந்து வந்தது. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில் விக்னசிங்கம், சுரேஷ் நாராயணன், தர்ஷன் சிங் போன்ற ஆய்வாளர்கள் கெத்தும் குடிப்பவர்களை நேரில் தேடிப்போய்ப் பேசினார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

வட மாநிலங்களில் 136 பேரிடம் அவர்கள் நடத்திய ஆய்வு 2010 இல் வெளியானது. அவர்களில் பலர் ஹெராயின் போன்ற பொருள்களிலிருந்து மீள்வதற்காகக் கெத்தும் நீரை நாடியவர்கள். மலிவு, எளிதில் கிடைக்கும், வேலைக்குப் போக முடியும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். 2020 இல் விக்னசிங்கம் குழு இன்னொரு சோதனையை வெளியிட்டது. 26 ஆண்களுக்குக் கெத்தும் பானத்தையோ அதைப் போலவே தோன்றும் வெற்றுப் பானத்தையோ கொடுத்து, பனிக்குளிர் நீரில் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது குடித்தவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரியாக 11 விநாடி தாங்க முடிந்த வலியை, குடித்த ஒரு மணி நேரத்துக்குப் பின் சராசரியாக 25 விநாடி தாங்க முடிந்தது. வலி குறைகிறது என்று உழைப்பாளிகள் காலங்காலமாகச் சொல்லிவந்ததற்கு முறையான முதல் ஆதாரம் இது.

அதே மையம் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. தொடர்ந்து குடித்துவந்த 293 பேரை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையான சார்புநிலைக்கு வந்திருந்தார்கள். நிறுத்தினால் தசை வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர், வயிற்றுப்போக்கு, எரிச்சல், மனச்சோர்வு. நாளுக்கு மூன்று குவளையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு இது இன்னும் கடுமை. அதே சமயம், நெடுங்காலம் குடித்த 58 பேரின் இரத்தத்தைக் குடிக்காதவர்களுடன் ஒப்பிட்ட 2018 ஆம் ஆண்டு ஆய்வில் கல்லீரல், சிறுநீரகம் பற்றிய அளவுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தாய்லாந்தில் இதற்கெல்லாம் முன்பே, 1975 இல், மருத்துவர் சங்குன் சுவன்லெர்ட் 30 இலை மெல்லுபவர்களைப் பற்றி எழுதியிருந்தார். உடல் மெலிவு, மலச்சிக்கல், தூக்கமின்மை, கன்னத்தோல் கறுத்துப்போதல் ஆகியவற்றை அவர் பட்டியலிட்டார்.

ஆக, இலைக்கும் விலை உண்டு. பழக்கம் பிடித்துக்கொள்ளும், விட முயன்றால் வதைக்கும். ஆனால் இலையை மட்டும் மென்றோ புதிதாக வேகவைத்த நீரைக் குடித்தோ மூச்சு நின்று இறந்துபோனவர்களைப் பற்றிய செய்தி அந்த ஊர்களில் மிக அரிது. ஏன் அரிது என்ற கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

மூச்சைத் தொடும் ஏற்பி

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் ‘மியூ ஓபியாய்டு ஏற்பி’ என்ற புரதம் உண்டு. உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின்கள் இதில் வந்து ஒட்டும்போது வலி தணிகிறது, மனம் இலேசாகிறது. அபினியிலுள்ள மார்ஃபின், அதைப் போன்ற ஹெராயின், ஃபென்டனில் ஆகிய ஓபியாய்டுகள் எல்லாம் இதே ஏற்பியைத்தான் பற்றுகின்றன. ஆபத்து எங்கே வருகிறதென்றால், மூச்சின் தாளத்தை நடத்தும் மூளைத்தண்டின் நரம்புகளிலும் இந்த ஏற்பி இருக்கிறது. அங்கே அழுத்தம் கூடினால் மூச்சு மெதுவாகும், பிறகு மறந்தே போகும். ஓபியாய்டு சாவு என்பது பெரும்பாலும் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் சாவு.

மிட்ராகைனின் இந்த ஏற்பியை மென்மையாகத்தான் தொடுகிறது. வேதியியலார் மொழியில் அது பகுதி இயக்கி: எவ்வளவு சேர்த்தாலும் ஏற்பியை முழு வேகத்துக்குக் கொண்டுபோகாது. அது மட்டுமல்ல. உடலுக்குள் சென்ற மிட்ராகைனினில் ஒரு பகுதியைக் கல்லீரலின் நொதிகள் 7-ஹைட்ராக்ஸிமிட்ராகைனின் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. சுருக்கமாக 7-ஓஎச். வலி நீக்கும் வேலையில் பெரும்பங்கை இந்த 7-ஓஎச்தான் செய்கிறது என்பதை 2019 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் பிறரும் சுண்டெலிகளில் காட்டினார்கள். இதன் வலிமையை ஜப்பானிய, தாய்லாந்து ஆய்வாளர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். கினிப்பன்றியின் குடல் திசுவில் செய்த சோதனையில் அது மார்ஃபினைப் போல 13 மடங்கு, மிட்ராகைனினைப் போல 46 மடங்கு வீரியம் காட்டியது.

2022 இல் வெளியான இன்னொரு சுண்டெலி ஆய்வு இங்கே மிக முக்கியம். மிட்ராகைனின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சு மந்தமாவது ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது. காரணம், கல்லீரல் ஒரு வேகத்துக்கு மேல் 7-ஓஎச் தயாரிக்க முடியாது. நேரடியாக 7-ஓஎச் கொடுத்தபோது அந்த உச்சவரம்பு இல்லை. எலிகளில் செய்த இன்னொரு சோதனையும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறது. நெம்பை அழுத்தித் தானே மருந்தை ஏற்றிக்கொள்ளும் கூண்டில், மார்ஃபினுக்குப் பதில் மிட்ராகைனின் கொடுத்தபோது எலிகள் ஆர்வம் இழந்தன. 7-ஓஎச் கொடுத்தபோது அழுத்திக்கொண்டே இருந்தன.

கழற்றப்படும் தடுப்புகள்

இப்போது இலையின் தடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் தடுப்பு கசப்பும் கனமும். கிராட்டம் இலை கடுங்கசப்பு. ஒரு பச்சை இலை ஏறத்தாழ 1.7 கிராம், காய்ந்தால் அரை கிராமுக்கும் குறைவு. காய்ந்த இலையில் மிட்ராகைனின் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம். ஒருவர் நாள் முழுக்க 20 இலை மென்றார் என்று வைத்துக்கொண்டால், உடலுக்குக் கிடைப்பது சுமார் 90 முதல் 170 மில்லிகிராம் மிட்ராகைனின், அதுவும் காலையிலிருந்து மாலைவரை பரவி. அதற்குமேல் போக நாக்கு விடாது, வயிறும் விடாது, குமட்டிக்கொண்டு வந்துவிடும். செறிவூட்டிய திரவத்திலோ அதே ஒரு நாள் அளவு சில மில்லிலிட்டரில், பழச்சுவை சேர்த்து, ஒரே மடக்கில் இறங்குகிறது.

இரண்டாவது தடுப்பு நேரம். மெல்லும்போது பொருள் கொஞ்சங்கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கிறது. தலை கனக்கிறது என்று தோன்றினால் நிறுத்தலாம். ஒரே மடக்கில் இறங்கிய சாரத்தை அப்படி நிறுத்த முடியாது. போதாதற்கு மிட்ராகைனின் உடலைவிட்டு எளிதில் போவதில்லை. பாதி வெளியேறவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்கின்றன மனிதரில் செய்த அளவீடுகள். ‘இன்னும் ஏறவில்லையே’ என்று இரண்டாவது குப்பியைத் திறப்பவர், முதல் குப்பியின் மேல் அதைக் கட்டுகிறார்.

மூன்றாவது தடுப்பு கல்லீரல். 7-ஓஎச் தயாரிப்பில் அது விதிக்கும் உச்சவரம்பை மேலே பார்த்தோம். பச்சை இலையில் 7-ஓஎச் மிகச் சொற்பம், காய்ந்த இலையின் எடையில் 0.01 முதல் 0.04 சதவீதம். இப்போது சந்தையில் வரும் 7-ஓஎச் மாத்திரைகள் இலையைக் காய்ச்சி வடித்தவை அல்ல. மிட்ராகைனினை ஆலையில் ஆக்ஸிஜனேற்றி உருவாக்கியவை. ஒரு மாத்திரையில் 15 மில்லிகிராம் 7-ஓஎச் இருப்பதாகக் கொண்டால், அதே அளவை இலையிலிருந்து பெற ஏறத்தாழ 40 முதல் 150 கிராம் காய்ந்த இலை வேண்டும். அதாவது சுமார் 90 முதல் 350 இலைகள். எந்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளியும் ஒரு வேளையில் அவ்வளவு மென்றதில்லை. கல்லீரலின் காவலைச் சுற்றிக்கொண்டு, செயல்படும் பொருளே நேராக உள்ளே போகிறது.

நான்காவது தடுப்பு ஊர். கெடாவிலும் தென் தாய்லாந்திலும் எந்த மரம், எவ்வளவு இலை, எத்தனை நேரம் வேகவைப்பது, யார் குடிக்கக் கூடாது என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஒரு கடையில் குப்பி வாங்கும் 20 வயது இளைஞனுக்கு அதைச் சொல்ல யாருமில்லை. உறையில் அச்சிட்ட எண்ணும் நம்பத்தக்கதாக இருப்பதில்லை.

இதை விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு ஒரு நல்ல உவமை உண்டு. கள்ளும் சாராயமும். பனையடியில் ஒரு கலயம் கள் குடித்த தாத்தா 80 வயதுவரை வாழ்ந்தார் என்பதைக் காட்டி எவரும் சாராயத்துக்கு நற்சான்று தருவதில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே ஆல்கஹால்தான். வடித்தபோது மாறியது அளவு, மாறிய அளவோடு மாறியது ஆபத்து.

சாவுக் கணக்கை நேர்மையாகப் படிப்பது

ஆபத்தைச் சொல்லும்போது மிகைப்படுத்துவதும் கேடுதான். ஒரு பொய் வெளிப்பட்டால் இளைஞர்கள் எல்லா எச்சரிக்கையையும் தூக்கி எறிவார்கள். ஆகவே எண்களை உள்ளபடி வைக்கிறேன்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019 இல் வெளியிட்ட கணக்கில், 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை 27 மாநிலங்களில் நடந்த 27,338 மிகையளவு மரணங்கள் ஆராயப்பட்டன. அவற்றில் 152 பேரின் உடலில் கிராட்டம் இருந்தது. 91 பேருக்கு அது சாவின் காரணமாக அல்லது காரணங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. இந்த 152 பேரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சாவுக்கு ஃபென்டனிலும் காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. கிராட்டம் மட்டுமே காணப்பட்டவர்கள் 7 பேர்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, கிராட்டம் தனியாகக் கொல்வது அரிது. இரண்டு, மூச்சை அடக்கும் இன்னொரு பொருளோடு சேரும்போது அது சாதாரணத் துணையாக இருப்பதில்லை. சுவீடனில் நடந்ததைப் பாருங்கள். ‘கிரிப்டான்’ என்ற பெயரில் இணையத்தில் விற்ற மூலிகைப் பொடியால் ஓராண்டுக்குள் 9 பேர் இறந்தார்கள். பொடியில் கிராட்டத்தோடு, டிரமடால் என்ற வலி மாத்திரை உடலுக்குள் மாறி உருவாகும் வீரியமான வடிவமும் கலந்திருந்ததை அங்குள்ள தடயவியல் வேதியியலார் கண்டறிந்து 2011 இல் எழுதினார்கள். வாங்கியவர்கள் மூலிகை என்றுதான் நம்பினார்கள். தென் தாய்லாந்திலும் இலைக்கு வந்த கெட்டபெயருக்குப் பெரும் காரணம் ஒரு கலவைதான். வேகவைத்த இலைநீர், கோலா பானம், இருமல் மருந்து, இவற்றோடு இன்னொரு சரக்கு சேர்த்து இளைஞர்கள் குடிக்கும் அதற்கு ‘நான்கு பெருக்கல் நூறு’ என்று பெயர். இலை அங்கே பழையது, கலவை புதியது.

7-ஓஎச் மாத்திரைகள் பரவியபின் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. 2025 இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறை 7-ஓஎச் தொடர்பான இறப்புகளை அறிவித்து மக்களை எச்சரித்தது. இறந்தவர்கள் 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள், மற்றபடி நலமாக இருந்தவர்கள். அவர்கள் உடலில் மதுவும் இருந்தது. ஹெராயினும் இல்லை, ஊசியும் இல்லை. கடையில் சட்டப்படி வாங்கிய மாத்திரையும் சில குவளை மதுவும் போதுமாயிருந்திருக்கிறது.

மூச்சைத் தவிர

கல்லீரல் பாதிப்பு அடுத்த கவலை. கிராட்டம் பொடியோ சாரமோ எடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் மஞ்சள் காமாலை, உடலெங்கும் அரிப்பு, கறுத்த சிறுநீர் என்று வந்தவர்களை அமெரிக்க மருத்துவமனைகள் பதிவு செய்திருக்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதிக அளவில் வலிப்பும் நெஞ்சுப் படபடப்பும் இரத்த அழுத்த ஏற்றமும் வந்திருக்கின்றன.

பலர் கவனிக்காத இன்னொன்று மருந்துகளோடு வரும் மோதல். நாம் விழுங்கும் பல மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றும் சிஒய்பி2டி6 என்ற கல்லீரல் நொதியை மிட்ராகைனின் பலமாகத் தடுக்கிறது. மன அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகள் இதனால் இரத்தத்தில் தேங்கி, வழக்கமான அளவே மிகையளவாகிவிடும். இலையளவில் சிறிதாக இருக்கும் இந்தத் தடை, சாரத்தின் அளவில் பெரிதாகிறது. கருவுற்ற தாய் கிராட்டத்தைத் தொடர்ந்து எடுத்தால், பிறந்த குழந்தை நடுக்கமும் ஓயாத அழுகையுமாக விலகல் அவதியோடு வருவதையும் குழந்தை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரக்கின் தூய்மையும் கேள்விக்குரியது. 2018 இல் அமெரிக்காவில் கிராட்டம் பொருள்களிலிருந்து பரவிய சால்மோனெல்லா தொற்றில் 41 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றார்கள். அதே காலத்தில் உணவு மருந்து நிர்வாகம் சோதித்த மாதிரிகளில் ஈயமும் நிக்கலும் இருந்தன. நாள்தோறும் எடுப்பவருக்கு அந்த உலோகங்களும் நாள்தோறும் உடலில் சேரும்.

சட்டம் எங்கே கோடு போடுவது

தாய்லாந்து 1943 இல் கிராட்டத்தைத் தடை செய்தது. அபினியில் வரி வாங்கிக்கொண்டிருந்த அரசுக்கு, அபினிக்கு மாற்றான இலை வருவாயைக் குறைத்தது என்பதே அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த காரணம் என வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு வந்த தனிச்சட்டம் இலையை அனுமதித்து, 18 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு விற்பதைத் தடுத்தது. மலேசியா எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே மிட்ராகைனின் 1952 ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். சிங்கப்பூரிலும் இது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். வேலைக்கோ உறவினர் வீட்டுக்கோ அந்த நாடுகளுக்குப் போகும் தமிழர்கள் மூலிகை என்று எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு போவது பெரும் ஆபத்து.

உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2021 இல் கிராட்டத்தைப் பரிசீலித்து, அனைத்துலகத் தடைக்குப் போதிய ஆதாரம் இல்லை, கண்காணிப்பில் வைக்கலாம் என்றது. 2025 ஜூலை 29 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு தெளிவான கோட்டைப் போட்டது. இயற்கை இலையை விட்டுவிட்டு, செறிவூட்டிய 7-ஓஎச் பொருள்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. எனக்கு இது சரியான திசையாகப் படுகிறது. இலையைக் குடிக்கும் தோட்டத் தொழிலாளியைச் சிறையில் தள்ளுவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆலையில் செய்த ஓபியாய்டை மிட்டாய் வடிவில் விற்பவரை மூலிகை வியாபாரி என்று விட்டுவிடுவதிலும் நியாயம் இல்லை. எந்த மரத்திலிருந்து வந்தது என்பதைவிட, ஒரு வேளையில் ஏற்பிக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைப் பார்த்துச் சட்டம் எழுதப்பட வேண்டும்.

நமக்கு ஏன் இது

தமிழ்நாட்டில் இதே ஏற்பியைப் பற்றும் இன்னொரு பொருள் ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு இளைஞர்கள் உயிரிழந்த செய்திகளை நாம் படித்துவருகிறோம். கையில் கிடைப்பது மாத்திரையா, இலையா, மிட்டாயா என்பது மாறலாம். மூளைத்தண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்தமான் கடலும் வெறும் காட்சிப்பொருள் அல்ல. 2024 நவம்பரில் பேரன் தீவுக்கு அருகே மியான்மர் மீன்பிடிப் படகொன்றிலிருந்து 5 டன்னுக்கும் மேற்பட்ட மெத்தாம்ஃபெட்டமைனை இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்தது. பொருள் வேறு, ஆனால் மறுகரைச் சரக்குகள் எந்த வழியாக வரக்கூடும் என்பதை அது காட்டுகிறது. அஞ்சல் வழியில் குப்பி வருவதற்குக் கடல்வழிகூடத் தேவையில்லை.

மூச்சு மந்தமான ஒருவரைக் காப்பாற்ற மருந்து இருக்கிறது. நலாக்சோன் என்ற ஊசி ஏற்பியிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு மூச்சை மீட்கும். இந்தியாவில் அது மருத்துவமனை மருந்து. சென்னையில் அது சில நிமிடத் தொலைவு. லாங் ஐலண்டில் ஒருவருக்கு இரவில் மூச்சு மந்தமானால் பெரிய மருத்துவமனைக்குப் படகேறி யெரட்டா, அங்கிருந்து ரங்கத், அதற்கும் மேல் தேவையென்றால் மாயாபந்தரோ போர்ட் பிளேரோ போக வேண்டும். மூளை ஆக்ஸிஜன் இல்லாமல் தாங்குவது சில நிமிடங்கள்தான். தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் இருப்பவர்களுக்குச் செறிவூட்டிய ஓபியாய்டின் ஆபத்து நகரத்தாரைவிடக் கூடுதல் என்பது இந்தத் தொலைவினால்தான். நலாக்சோனைக் கடைக்கோடி ஆரம்பச் சுகாதார நிலையம்வரை கொண்டுசேர்ப்பதும், அதைப் போடச் செவிலியர்களுக்குப் பயிற்சி தருவதும் அரசு செய்யக்கூடிய, செலவு குறைந்த, உயிர் காக்கும் வேலை.

வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. எழுப்பினால் எழாத உறக்கம், நீலம் பாரித்த உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, இழுத்து இழுத்து வரும் குறட்டை, நிமிடத்துக்குச் சில மூச்சுகள் மட்டும்: இவை போதைத் தூக்கம் அல்ல, உயிர் போகும் அறிகுறி. ‘தூங்கித் தெளியட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது. மோரோ காபியோ வாயில் ஊற்றக் கூடாது. மூச்சு வந்துகொண்டிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே உதவிக்கு அழைக்க வேண்டும், தமிழ்நாட்டில் எண் 108. மூச்சு இல்லையென்றால் உதவி வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், நாடித் துடிப்பும் இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும். என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், குப்பியோ உறையோ இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை கிராட்டத்தைக் காட்டாது. பழக்கத்தை விட விரும்புகிறவர்கள் திடீரென்று தனியாக நிறுத்திப் போராட வேண்டியதில்லை. மருத்துவ உதவியோடு படிப்படியாக விடலாம். நாடு முழுவதற்குமான போதைமீட்பு உதவி எண் 14446.

கெத்தும் இலையை நான் பழிக்க வரவில்லை. அது சில உழைப்பாளிகளின் வலியைத் தணித்திருக்கிறது, சிலரை ஹெராயினிலிருந்து நகர்த்தியிருக்கிறது, நாளைக்கு ஒரு நல்ல வலி மருந்துக்கு மூலமாகவும் ஆகலாம். அது நடக்க வேண்டுமென்றால் கொய்னா போன பாதையில்தான் போக வேண்டும்: அளந்து, சோதித்து, யாருக்கு ஆகாது என்று எழுதிவைத்து. அதுவரை, ‘இயற்கை’ என்று ஒரு குப்பியைக் கையில் கொடுப்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதில் என்ன இருக்கிறது, எத்தனை மில்லிகிராம், இதே அளவில் மனிதர்களிடம் சோதித்தவர் யார்? மூன்றுக்கும் விடை இல்லாத குப்பியைத் திறக்கக் கூடாது. அதை நம் பிள்ளைகளிடம் வெட்கப்படாமல், மிரட்டாமல், இந்தக் காரணங்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.